முழுசாகத் திருப்பிக் கொண்டு வா

சின்ன வயதில் கேபிள் டிவியில் பாண்ட் படம் ஓடினால் நான் காத்திருந்தது சண்டைக்கோ கார் துரத்தலுக்கோ அல்ல. ஒரு தாத்தாவுக்காக. கோட்டு, டை, நரைமுடி, எப்போதும் ஏதோ ஒரு எரிச்சலில் இருக்கிற முகம். பின்னால் இருக்கும் கூடத்தில் யாரோ ஒருவர் எதையோ வெடிக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். பாண்ட் உள்ளே வருவான். மேசையில் இருப்பதையெல்லாம் கேட்காமல் எடுத்துத் திருகிப் பார்ப்பான். தாத்தா அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, "கவனி, 007" என்று ஆரம்பிப்பார். பேனாவை எத்தனை முறை அழுத்தினால் வெடிக்கும், கைக்கடிகாரத்தை எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும், காரில் எந்தப் பொத்தானை மட்டும் தொடவே கூடாது. மூன்று நிமிடம்தான். பிறகு படம் முடியும்வரை அவரைக் காணமுடியாது.

அவருக்குப் பெயர் க்யூ. குவார்ட்டர்மாஸ்டர் என்ற பதவியின் முதல் எழுத்து. நடித்தவர் டெஸ்மண்ட் லெவெலின் என்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். 1963 முதல் 1999 வரை, பதினேழு பாண்ட் படங்களில், ஐந்து பாண்ட்களுக்குக் கருவி கொடுத்திருக்கிறார். கானரி, லேசன்பி, மூர், டால்டன், பிராஸ்னன் என்று நாயகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். கருவி கொடுப்பவர் மாறவில்லை.

போன வருடம் அந்தப் பதினேழு படங்களையும் வெளிவந்த வரிசையில் பார்த்தேன். ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

*

க்யூ வரும் காட்சியைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், ஒரு நடிகருக்கு அதைவிட மோசமான வேலை இருக்க முடியாது என்று தோன்றும். அழுகை கிடையாது, கோபத்தில் கத்துவது கிடையாது, காதல் கிடையாது. தகவல் மட்டும். இந்தப் பெட்டி இப்படித் திறக்கும், இந்தப் பொடி டப்பா இப்படி வெடிக்கும். மென்பொருள்காரர்கள் பாஷையில் சொன்னால் அது ஒரு டாக்குமெண்டேஷன். உலகத்தில் யாரும் விரும்பிப் படிக்காத ஒன்று. அதை ஒரு மனிதர் முப்பத்தாறு வருடம் வாசித்துக் காட்டியிருக்கிறார், தியேட்டரில் ஜனங்கள் கைதட்டியிருக்கிறார்கள்.

இதில் வேடிக்கை, நிஜ வாழ்க்கையில் லெவெலினுக்கும் கருவிகளுக்கும் ஆகவே ஆகாது. தான் தொட்டால் எந்த இயந்திரமும் வேலை செய்யாது என்று பேட்டிகளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். தொழில்நுட்ப வசனங்கள் மனதில் நிற்கவும் சிரமப்பட்டார். ரோஜர் மூருக்கு இது தெரியும். வாயில் நுழையாத அர்த்தமற்ற சொற்களை ஒரு தாளில் எழுதவைத்து, வசனம் மாறிவிட்டது என்று சொல்லி அவரிடம் கொடுத்துவிடுவாராம். பாவம், மனிதர் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்துகொண்டு வருவாராம். பிற்காலத்தில் வசனத்தை அட்டைகளில் பெரிதாக எழுதி கேமராவுக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டியிருந்தது.

எனக்கு இது ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பொறியியல் பட்டம் வாங்கியவன் என்பதற்காக வீட்டு மிக்ஸியைப் பழுதுபார்க்கச் சொல்லி அவமானப்பட்டவர்கள் புரிந்துகொள்வார்கள்.

*

லெவெலின் 1914-இல் தெற்கு வேல்ஸில், நியூபோர்ட்டில் பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கப் பொறியாளர். மகன் லண்டன் ராயல் அகாதமியில் நடிப்புப் படித்தார். மேடையில் சின்னச் சின்ன வேடங்கள் கிடைக்கத் தொடங்கிய சமயத்தில் போர் வந்தது. ராயல் வெல்ஷ் ஃப்யூசிலியர்ஸ் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1940-இல் பிரான்ஸில் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டார். அவருடைய போர் அத்தோடு முடிந்தது. அடுத்த ஐந்து வருடங்கள் போர்க்கைதி முகாம்களில் கழிந்தன.

ஒரு நடிகனின் இருபத்தைந்திலிருந்து முப்பது வயது வரை என்பது என்ன என்று யோசித்துப் பார்க்கலாம். கதாநாயகன் ஆவதாக இருந்தால் அந்த ஐந்து வருடங்களில்தான் ஆகியிருக்க வேண்டும். அந்த வயதில் லெவெலின் கம்பிவேலிக்குள் இருந்தார். ஒரு முகாமில் கைதிகள் தப்பிப்பதற்காகச் சுரங்கம் தோண்டினார்கள். அவரும் அதில் சேர்ந்தார். சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டபோது உள்ளே இருந்தவர் அவர்தான். தனிமைச் சிறை கிடைத்தது.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை சொல்ல வேண்டும். அதே வருடங்களில் லண்டனில் சார்ல்ஸ் ஃப்ரேசர்-ஸ்மித் என்று ஒருவர் இருந்தார். கணக்குப்படி அவர் அரசின் வழங்கல் அமைச்சகத்தில் துணிமணிப் பிரிவு ஊழியர். உண்மையில் அவருடைய வேலை உளவாளிகளுக்கும் போர்க்கைதிகளுக்கும் தேவையான ரகசியச் சாமான்களைத் தயாரித்துக் கொடுப்பது. தலைசீவும் பிரஷ்ஷுக்குள் வரைபடமும் ரம்பமும். சட்டைப் பொத்தானுக்குள் திசைகாட்டி. அந்தப் பொத்தானைப் பற்றிப் படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஜெர்மன் காவலர்கள் பொத்தான்களைத் திருகிப் பார்க்கக்கூடும் என்பதால் ஃப்ரேசர்-ஸ்மித் மரையைத் தலைகீழாக வெட்டச் செய்தார். வழக்கமான திசையில் திருகினால் இன்னும் இறுகும். உலகத்தில் எல்லாரும் திருகுகிற திசையில் திருகுகிறவனுக்கு அது என்றைக்கும் வெறும் பொத்தான்தான். எதிர்த்திசையில் திருகத் தெரிந்தவனுக்கு மட்டும் வடக்கு தெரியும்.

க்யூ பாத்திரத்துக்கு மூலம் என்று சொல்லப்படுகிறவர்களில் இந்த ஃப்ரேசர்-ஸ்மித்தும் ஒருவர். அதாவது, போர் நடந்த காலத்தில் நிஜமான க்யூ லண்டனில் இருந்துகொண்டு கைதிகளுக்காகப் பொத்தான் செய்துகொண்டிருந்தார். திரையில் பிற்பாடு க்யூ ஆகப்போகிறவர், அப்படிப்பட்ட பொத்தான்கள் யாருக்காகச் செய்யப்பட்டனவோ அந்தக் கைதிகளில் ஒருவராக இருந்தார். ஒருவரையொருவர் தெரியாது. ஆனால் ஒரு கருவி சரியாக வேலை செய்வதும் செய்யாமல் போவதும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை லெவெலினுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

*

1945-இல் விடுதலையாகி வந்தபோது வயது முப்பது. மறுபடி சின்ன வேடங்கள். 1950-இல் டெரன்ஸ் யங் இயக்கிய போர்ப்படம் ஒன்றில் வேல்ஸ்காரச் சிப்பாயாக, டாங்கிப் படையில் ஒருவராக வந்தார். பதின்மூன்று வருடம் கழித்து அந்த அறிமுகம் உதவியது. இரண்டாவது பாண்ட் படமான 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' படத்தையும் டெரன்ஸ் யங்தான் இயக்கினார். முதல் படமான 'டாக்டர் நோ'வில் ஆயுத அதிகாரி பூத்ராய்டாக வந்த பீட்டர் பர்ட்டன் இந்த முறை வர முடியவில்லை. லெவெலினைக் கூப்பிட்டார்கள்.

யங்குக்கு அவரை வேல்ஸ்காரராகவே பேசவைக்க ஆசை. லெவெலினுக்கு அது பிடிக்கவில்லை. ஆங்கிலேய மேஜராகவே தன் மனதில் அந்தப் பாத்திரத்தைப் பார்த்திருந்தார். சரி என்று கொச்சையான, காது கூசும் வேல்ஸ் உச்சரிப்பில் ஒருமுறை பேசிக் காட்டினார். யங் அதன்பிறகு வற்புறுத்தவில்லை.

பூத்ராய்ட் என்ற பெயருக்கும் ஒரு கதை உண்டு. ஜெஃப்ரி பூத்ராய்ட் ஸ்காட்லாந்தில் வாழ்ந்தவர், துப்பாக்கிகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். 1956-இல் நாவலாசிரியர் இயன் ஃபிளெமிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். உங்கள் நாவல்கள் எனக்குப் பிடிக்கும், ஆனால் உங்கள் ஆள் வைத்திருக்கும் பெரெட்டா கைத்துப்பாக்கி பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்கிற ரகம் என்பது கடிதத்தின் சாரம். வேறொரு எழுத்தாளராக இருந்தால் குப்பையில் போட்டிருப்பார். ஃபிளெமிங் பதில் எழுதினார், ஆலோசனை கேட்டார், அடுத்து எழுதிய நாவலில் பாண்டின் துப்பாக்கியை மாற்றினார். அதை மாற்றச் சொல்லிக் கண்டிக்கும் அதிகாரிக்கு மேஜர் பூத்ராய்ட் என்றே பெயரும் வைத்தார்.

ஆக, இந்தப் பாத்திரம் பிறந்ததே ஒரு குறை சொல்லும் கடிதத்திலிருந்துதான். அந்தக் குறை, நாவலை அக்கறையோடு படித்தவர் சொன்ன குறை.

'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்'வில் லெவெலின் கொண்டுவந்து கொடுப்பது ஒரு கறுப்புத் தோல்பெட்டி. மடக்கி வைத்த துப்பாக்கி, ஐம்பது தங்க நாணயங்கள், வீசும் கத்தி, பொடி டப்பா வடிவத்தில் ஒரு கண்ணீர்ப்புகைக் குப்பி. பெட்டியின் தாழ்ப்பாள்களைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டுத்தான் திறக்க வேண்டும், சாதாரணமாகத் திறந்தால் குப்பி வெடிக்கும். செகாவின் துப்பாக்கி என்று இலக்கியத்தில் சொல்வோமே, அதன் சுத்தமான வடிவம். வெகுநேரம் கழித்து ரயில் பெட்டியில் வில்லன் கையில் அதே மாதிரிப் பெட்டி ஒன்று போகிறது. அவன் திறக்கிறான். எல்லாரும் திறக்கிற மாதிரி.

அவன் சாவதற்குக் காரணம், க்யூ பேசியபோது அவன் அந்த அறையில் இல்லை என்பதுதான்.

*

அந்தப் படத்தில் லெவெலின் எரிச்சல்படவே இல்லை என்பதைப் போன வருடம்தான் கவனித்தேன். பவ்யமாக வருகிறார், பெட்டியை விளக்குகிறார், போகிறார். கடையில் பொருளை எடுத்துக்காட்டும் ஊழியரைப் போல. நமக்குத் தெரிந்த க்யூ பிறப்பது அடுத்த படத்தில், 1964-இல், 'கோல்ட்ஃபிங்கர்' படப்பிடிப்பில்.

இயக்குநர் இந்த முறை கை ஹாமில்டன். ஒத்திகை. லெவெலின் மேசையில் ஏதோ வேலையாக இருக்கிறார். கானரி உள்ளே வருகிறார். லெவெலின் எழுந்து நிற்கப் போகிறார். வருவது ஜேம்ஸ் பாண்ட் ஆயிற்றே. ஹாமில்டன் நிறுத்தினார். இவனுக்கு நீ மரியாதை காட்ட வேண்டியதில்லை, உனக்கு இவனைப் பிடிக்காது என்றார். லெவெலினுக்குப் புரியவில்லை. எல்லாருக்கும் பாண்டைப் பிடிக்கும், எனக்கு ஏன் பிடிக்காது? ஹாமில்டன் சொன்ன விளக்கம் இதுதான்: நீ உயிரைக் கொடுத்துச் செய்கிற சாமான்களை அவன் மதிப்பதே இல்லை.

அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்திலிருந்து முப்பத்தைந்து வருடத்துக்கான நடிப்பு வந்துவிட்டது. ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 காரின் பக்கத்தில் நின்று, பக்கத்து இருக்கையில் இருப்பவரைக் கூரை வழியாகத் தூக்கியெறியும் பொத்தானை அவர் விளக்குகிறார். விளையாடுகிறாயா என்பதுபோல் பாண்ட் கேட்கிறான். என் வேலையில் நான் விளையாடுவதே இல்லை என்று பதில் வருகிறது. முகத்தில் துளி சிரிப்பில்லை. தியேட்டர் சிரிக்கிறது.

இந்தக் காட்சியைப் பார்த்த இரவு நான் சிரிக்கவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டு பால்கனியில் போய் நின்றேன். காரணத்தைச் சொல்கிறேன் என்றேனே, அது இங்கேதான் வருகிறது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எங்கள் டீமில் ஒரு மூத்தவர் இருந்தார். நேரில் சார் என்போம், இல்லாதபோது வாத்தியார். மற்ற டீம்கள் தங்கள் நிரல்களை சர்வரில் ஏற்றுவதற்கான கருவிகளை எழுதுவதும் பராமரிப்பதும் எங்கள் வேலை. நாங்கள் எழுதுவது எதுவும் வாடிக்கையாளர் கண்ணில் படாது. புதிய வசதி வெளிவந்தால் அதைச் செய்த டீமுக்குக் கேக் வெட்டுவார்கள். ஏற்றும்போது உடைந்தால் எங்களைக் கூப்பிடுவார்கள், அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு.

வாத்தியார் திட்டுவார். "எழுதி வச்சிருக்கேனேப்பா, மொத வரியிலேயே போட்டிருக்கு, படிக்கவே மாட்டீங்களா?" என்பார். "என்ன பண்ணினே? இல்ல, என்ன பண்ணினேன்னு மட்டும் சொல்லு. ஏன் பண்ணினேன்னு நான் கேட்கல." ஒருமுறை நான் அவருடைய ஸ்கிரிப்ட் ஒன்றைப் பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டினேன். ஒரு சர்வரில் பழைய பதிப்பும் இன்னொன்றில் புதியதும் ஏறிக் கலவரமாகிவிட்டது. எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். பிறகு பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விடிய நாலு மணிவரை என்னோடு சேர்ந்து சரிசெய்துவிட்டுத்தான் போனார். சத்தம் போட்டது ஞாபகம் இருந்தது எனக்கு. நாலு மணி ஞாபகம் இல்லை.

வருடாவருடம் சக ஊழியர்களைப் பற்றிப் பெயர் போடாமல் கருத்து எழுதச் சொல்லும் படிவம் ஒன்று வரும். அந்த வருடம் வாத்தியாரைப் பற்றி நான் எழுதினேன். கடுகடுப்பானவர், உதவி கேட்கத் தயக்கமாக இருக்கிறது, புதியவர்களை மதிப்பதில்லை. நல்ல கார்ப்பரேட் ஆங்கிலத்தில், மூன்று வரி. என்னைப் போல இன்னும் சிலரும் எழுதியிருக்க வேண்டும். அவரைக் கூப்பிட்டுப் பேசினார்கள்.

அதன்பிறகு அவர் திட்டவில்லை. அதுதான் நடந்தது. யாராவது எதையாவது உடைத்துவிட்டுப் போய் நின்றால், "ஓகே, நோ இஷ்யூஸ், ஒரு டிக்கெட் போட்டுடுங்க" என்பார். எல்லாரையும் வாங்க போங்க என்று பேச ஆரம்பித்தார். என்னையும். உடைந்ததைச் சரிசெய்துவிடுவார், ஏன் உடைந்தது என்று சொல்லமாட்டார். எங்கள் மேலாளர் ரொம்ப முன்னேற்றம் என்றார்.

'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்'வில் வந்த பவ்யமான ஊழியராக அவரை நாங்கள் திருப்பி மாற்றிவிட்டோம் என்பது, வரிசையாகப் படம் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

*

'கோல்ட்ஃபிங்கர்'க்குப் பிறகு க்யூ இல்லாத பாண்ட் படம் ரசிகர்களால் நினைத்துப் பார்க்க முடியாததாக ஆனது. 'தண்டர்பால்' படத்தில் பஹாமாஸுக்கே வருகிறார், பூப்போட்ட சட்டையில், சுத்தமாகப் பொருந்தாமல். 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் சின்ன ஹெலிகாப்டர் மாதிரி ஒன்றைப் பெட்டிகளில் அடைத்து ஜப்பானுக்குக் கொண்டுவருகிறார். அடுத்த படத்தில் பாண்டுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு வந்த க்யூ, எப்போதாவது ஏதாவது தேவைப்பட்டால் கேள் என்கிற பாவனையில் தயங்கித் தயங்கிப் பேசுகிறார். வாழ்த்தத் தெரியாதவர் வாழ்த்துகிற விதம் அது.

ஆனால் தயாரிப்பாளர்களுக்கு ஒரு தடவை வேறு மாதிரித் தோன்றியது. 1973-இல் 'லிவ் அண்ட் லெட் டை'. கருவிகள் அளவுக்கு மீறிப் போய்விட்டன என்று க்யூவையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். லெவெலின் அப்போது நடித்துக்கொண்டிருந்த தொலைக்காட்சித் தொடரில், இந்தப் படத்துக்காகவே சில பகுதிகளிலிருந்து விலக்கு வாங்கி வைத்திருந்தார். அதுவும் போயிற்று, இதுவும் போயிற்று. மனிதர் நொந்துபோனார். படம் வந்ததும் ரசிகர்கள் க்யூ எங்கே என்று கேட்டார்கள். அடுத்த படத்தில் திரும்பி வந்தார்.

உலகமே முகத்தை அடையாளம் கண்டுகொள்ளும் நடிகருக்கு ஒரு படத்தில் கிடைத்தது சில நாள் வேலைதான். நாயகர்கள் சம்பாதித்ததைப் போலச் சம்பாதிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் க்யூ என்று கத்துகிறார்கள் என்பதால் வேறு வேடம் கொடுக்கவும் யோசித்தார்கள். இதையெல்லாம் அவர் சொல்லாமல் இல்லை. ஆனால் புளித்துப்போன குரலில் சொன்னதாக நான் எங்கும் பார்க்கவில்லை. கண்காட்சிகளுக்கும் ரசிகர் கூட்டங்களுக்கும் உற்சாகமாகப் போய் வந்திருக்கிறார். யாராவது ஒரு வீட்டுச் சாதனத்தைக் கொண்டுவந்து இதைச் சரிசெய்து கொடுங்கள் என்றால் கையை விரித்திருப்பார்.

1983-இல் 'ஆக்டோபஸ்ஸி' படத்துக்காகப் பாண்ட் இந்தியாவுக்கு வருகிறான். உதய்ப்பூரில் க்யூ ஒரு பட்டறையே போட்டுவிட்டார். அங்கே பாண்டுக்கு உதவும் உள்ளூர் உளவாளியாக நடித்தவர் சென்னைக்காரரான டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். பாத்திரத்தின் பெயரும் விஜய். டென்னிஸ் மட்டையாலேயே எதிரிகளை அடிப்பார். நம்மூர் ஆள் ஒருவர் பாண்ட் படத்தில் வருகிறார் என்பதே சின்ன வயதில் எங்களுக்குப் பெருமை, பாதியிலேயே கொன்றுவிட்டார்களே என்று வருத்தம். இப்போது பார்க்கும்போது படத்தின் இந்தியா சகிக்கவில்லை. கயிற்று வித்தை, ஆணிப்படுக்கை, பாம்பாட்டி என்று சுற்றுலாப் பயணி கனவில் வருகிற இந்தியா. ஆனால் உச்சக்கட்டத்தில் க்யூ பிரிட்டிஷ் கொடி போட்ட பலூனை ஓட்டிக்கொண்டு வந்து இறங்குகிறார். பெண்கள் சூழ்ந்துகொண்டு முத்தமிடுகிறார்கள். அறுபத்தெட்டு வயது. வேலை இருக்கிறது, இதற்கெல்லாம் இப்போது நேரமில்லை என்பதுபோல் விலக்கிவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று ஒரு பார்வை. இருபது வருட எரிச்சலுக்குப் பின்னால் இருந்தது என்ன என்று அந்தப் பார்வை காட்டிக்கொடுத்துவிடும்.

*

அவருடைய மிகப் பெரிய வேடம் 1989-இல், 'லைசன்ஸ் டு கில்' படத்தில். டால்டன் பாண்ட். நண்பனுக்கு நடந்ததற்குப் பழிவாங்கக் கிளம்பிய பாண்டை உளவுத்துறையே கைவிட்டுவிடுகிறது. அடையாளம் இல்லை, ஆயுதம் இல்லை, அனுமதி இல்லை. ஹோட்டலில், உன் மாமா வந்திருக்கிறார் என்று தகவல் வருகிறது. சந்தேகத்தோடு போய்ப் பார்த்தால் அறையில் க்யூ. விடுப்பு எடுத்துக்கொண்டு, மேலதிகாரிக்குத் தெரியாமல், ஒரு பெட்டி நிறையச் சாமான்களோடு வந்திருக்கிறார். நீ இல்லாவிட்டால் எனக்கு நிம்மதி என்று இருபத்தைந்து வருடமாக முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்த ஆள். பாண்ட் திரும்பத் திரும்ப ஊருக்குப் போ என்கிறான். போகமாட்டேன் என்கிறார்.

அந்தப் படத்தில் ஒரு இடம். க்யூ சாலையோரத்தில் உள்ளூர் வேலையாள் வேடத்தில் நிற்கிறார், கையில் துடைப்பம். எதிரியின் வண்டி போனதும் துடைப்பத்தின் காம்பில் பேசித் தகவல் சொல்கிறார். அது ரேடியோ. பேசி முடித்துவிட்டு அதை அப்படியே தூக்கிப் புதரில் எறிந்துவிட்டுப் போகிறார்.

எல்லாப் படங்களிலும், கொடுத்ததை முழுசாகத் திருப்பிக் கொண்டு வா என்று பாண்டிடம் மன்றாடுகிறவர் அவர். ஒரு தடவைகூட எதுவும் முழுசாகத் திரும்பி வந்ததில்லை. கார்கள் கடலில் விழுந்தன, கடிகாரங்கள் வெடித்தன. அவரே களத்துக்கு வந்ததும், தன் கையால் செய்த கருவியை அதே மாதிரித் தூக்கி எறிகிறார். படத்தில் அது ஒரு வினாடி நகைச்சுவை. எனக்கு அது வேறு ஒன்றையும் சொன்னது. சாமான் பத்திரமாக வரவேண்டும் என்பது அவருடைய கவலையாக என்றுமே இருந்ததில்லை. எடுத்துக்கொண்டு போகிறவன் முழுசாகத் திரும்பி வரவேண்டும். அதை நேராகச் சொல்ல அவருக்குத் தெரிந்த பாஷை சாமானைப் பற்றிய பாஷை ஒன்றுதான்.

என்ன பண்ணினேன்னு மட்டும் சொல்லு.

*

கடைசிப் படம் 1999 நவம்பரில் வந்தது, 'தி வேர்ல்ட் இஸ் நாட் இனஃப்'. லெவெலினுக்கு எண்பத்தைந்து வயது. படத்தின் தொடக்கத்தில் பாண்ட் எடுத்துக்கொண்டு பறந்து தேம்ஸ் நதியில் நாசமாக்குகிற படகு, க்யூ ஓய்வுபெற்ற பிறகு மீன்பிடிக்கப் போவதற்காகச் செய்துகொண்டிருந்தது. ஜான் கிளீஸ் நடிக்கும் அடுத்த ஆளை அறிமுகம் செய்துவைக்கிறார். பிறகு பாண்டைப் பார்த்து, உனக்கு நான் எப்போதும் இரண்டு விஷயம் சொல்லித்தர முயன்றிருக்கிறேன் என்கிறார். ஒன்று, உன் ரத்தத்தை எதிரிக்குக் காட்டாதே. இரண்டாவது என்ன என்று பாண்ட் கேட்கிறான். தப்பிக்க ஒரு வழியை எப்போதும் வைத்துக்கொள். சொல்லும்போதே அவர் நிற்கும் தரை லிஃப்ட் போல மெதுவாகக் கீழே இறங்குகிறது. தலை மறைகிறது. பிராஸ்னன் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தயாரிப்பாளர்களுக்கு நான் வேண்டும், கடவுளுக்கு வேண்டாம் என்கிறவரை நடிப்பேன் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வருடம் டிசம்பர் 19-ஆம் தேதி, தன்னுடைய வாழ்க்கை வரலாற்று நூலில் கையெழுத்துப் போட்டுக்கொடுக்கும் நிகழ்ச்சியிலிருந்து திரும்பும் வழியில், தெற்கு இங்கிலாந்தின் சஸெக்ஸ் பகுதியில் கார் விபத்தில் இறந்தார். அவரே ஓட்டிக்கொண்டு வந்த சாதாரணக் கார். பொத்தான் எதுவும் இல்லாதது.

தப்பிக்க ஒரு வழி வைத்துக்கொள் என்ற வசனத்தை எழுதியவர்களுக்குச் சுரங்கத்தில் பிடிபட்ட கைதியின் கதை தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொன்னவருக்குத் தெரியும்.

*

நான் எழுதிய மூன்று வரிக்குப் பிறகு ஏழெட்டு மாதத்தில் வாத்தியார் வேலையை விட்டார். பொறுப்பை என்னிடம் ஒப்படைப்பதற்காக ஒரு வீடியோ அழைப்பு வைத்தார், அரைமணி நேரம். ஒவ்வொரு ஸ்கிரிப்டாகத் திறந்து இது இன்னதுக்கு, இது இன்னதுக்கு என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு குறை சொல்லவில்லை. முடிவில், "எதை ஏத்தினாலும் ரோல்பேக் இருக்கான்னு பாத்துட்டு ஏத்துங்க" என்றார். 'ஏத்துங்க'. நான் மைக்கைத் திறந்து "தேங்க்ஸ் சார்" என்றேன். அவர் திரையிலிருந்து போனார். அந்தச் சதுரத்தில் என் முகம் மட்டும் இருந்தது.

இப்போது நானும் வேறு இடத்தில் அதே வேலையைத்தான் செய்கிறேன். போன வருடம் என்னைப் பற்றி ஒரு படிவத்தில் யாரோ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினார்கள். கடுகடுப்பானவர், கேள்வி கேட்கத் தயக்கமாக இருக்கிறது. கிட்டத்தட்ட என் ஆங்கிலம். அந்த வாரம்தான் க்யூ படங்களை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன்.

பதினேழாவது படம் முடிந்த மறுநாள், அவருடைய பழைய நம்பருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். அந்தப் படிவத்தில் எழுதியவர்களில் நானும் ஒருவன் என்று. மன்னிப்பு என்ற சொல்லை மூன்று தடவை அடித்து மூன்று தடவை அழித்து, கடைசியில் வைத்தேன். இரண்டு நாள் பதில் இல்லை. நீல டிக் மட்டும் வந்தது.

மூன்றாவது நாள் காலை பதில் வந்தது.

"தெரியும்ப்பா. மூணு வரியில ரெண்டு ஸ்பெல்லிங் மிஸ்டேக். நீ எழுதற கமெண்ட் எல்லாம் அப்படித்தானே இருக்கும். அது கெடக்கட்டும், இப்ப இருக்கிற எடத்துல ஸ்கிரிப்ட்ட பாதியில நிறுத்தறதுக்கு முன்னாடி லாக் ஃபைல பாக்கறியா, இல்ல இன்னும் அப்படியேதான் இருக்கியா?"

'றியா'. நான் அதை இரண்டு தடவை படித்தேன். பிறகு போய் லாக் ஃபைலைப் பார்த்தேன்.